அரைநூல் அண்ணி வைத்த டேப்பட்

அரைநூல் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் அண்ணன் வாயிலிருந்து, அதுவும் திட்டாகத்தான். பெரியம்மா மகன் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள ஒரு சட்டை தைக்கக் கொடுத்திருந்தான். கடைத்தெருவில் அப்போது இரண்டு தையல் கடைகள். ஒன்றில் கூட்டம் என்று மற்றதற்குப் போனான். அங்கே தைப்பது ஒரு பெண். சட்டையை வாங்கப் போனால், தோள் அரை நூல் இறங்கியிருக்கிறது, நாளைக்கு வாருங்கள் என்றாளாம். மறுநாள் போனால், காலர் அரை நூல் சாய்ந்திருக்கிறது, பிரித்துத் தைக்க வேண்டும் என்றாளாம். ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. அதில் பாதி. போட்டுக்கொள்கிறவன் கண்ணுக்கே தெரியாத குறைக்கு அவனை மூன்று நாள் நடக்க விட்டாள். கல்யாணத்தன்று காலையில்தான் சட்டை கைக்கு வந்தது. இனி அந்த அரைநூல் இருக்கும் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று குதித்தான் அண்ணன்.

அடுத்த வாரமே அதே கடைக்குப் போனான். பொத்தான் விட்டுப்போனதாம். அந்தப் பொத்தானை அவனே பல்லால் கடித்துப் பிய்த்ததை அம்மா பார்த்துவிட்டாள். பார்த்தும் ஒன்றும் சொல்லாமல் பெண் யார் வீட்டுப் பெண் என்று விசாரித்தாள். விசாரித்ததில், அவளுடைய அம்மா எங்கள் பெரியம்மாவின் ஓரகத்திக்கு அக்கா மகள் என்று தெரிந்தது. எங்கள் பெரியம்மாவுக்கும் அந்த ஓரகத்திக்கும் பதினோரு வருடம் பேச்சு இல்லை. அண்ணனுக்குப் பெண் கேட்கப் போகவேண்டும் என்பதற்காகவே பேசிக்கொண்டார்கள். அப்படித்தான் அரைநூல் எங்கள் வீட்டுக்கு அண்ணியாக வந்தாள். தையல் மிஷினோடும் இரண்டு கத்தரிக்கோலோடும் வந்தாள். வந்த மறுநாள், எங்கள் வீட்டு ஜன்னல் கதவு ஒன்று அரை நூல் சாய்ந்திருப்பதை அம்மாவிடம் சொன்னாள். அம்மா, முப்பது வருடமாக அது அப்படித்தான் இருக்கிறது, அதற்கு வலிக்கவில்லை என்றாள்.

அண்ணனுக்குப் பிழைப்பு ஒரு பழைய டிராக்டர். எங்கள் தாய்மாமன் ஓட்டிச் சலித்து, வயதாகி, இவனிடம் தள்ளிவிட்ட வண்டி. மூன்று சிலிண்டர் டீசல் இஞ்சின். உழவுக்கு உழவு, சூளைக்குச் செங்கல், வீடு கட்டுகிறவர்களுக்கு மணல் என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவான். ஓட்டுவதில் சூரன். ஆனால் இஞ்சினுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால், டீசல் இருக்கிறது என்பான். அவ்வளவுதான் தெரியும்.

கல்யாணமாகி மூன்றாவது வருடம், மகளுக்கு ஒன்றரை வயது, வண்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. காலையில் கிளப்ப அரைமணி நேரம் ஆகும். கிளம்பினால் மேல் மூடிக்குள்ளிருந்து சத்தம், பாத்திரக்கடையில் எலி புகுந்த மாதிரி. தெருவில் போனால், தகர டப்பா வருது, வழி விடுங்க என்று கேலி பேசுவார்கள். கடைத்தெருவில் ஒரு மெக்கானிக் இருந்தார். எதற்குக் கூப்பிட்டாலும் வரேன் என்பார், வரமாட்டார். அதனால் அவருக்கு வரேன் என்றே பெயர். டேப்பட் தளர்ந்திருக்கும், வந்து வைத்துத் தருகிறேன் என்று வரேன் நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டேப்பட் என்றால் ஒன்றுமில்லை. இஞ்சின் தலையில் காற்றை உள்ளே விடவும் புகையை வெளியே தள்ளவும் வால்வுகள் இருக்கின்றன. அவற்றை மேலிருந்து அழுத்த ஆளுக்கொரு இரும்புக் கை இருக்கிறது. அந்தக் கைக்கும் வால்வுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி விடவேண்டும். அந்த இடைவெளியைச் சரியாக வைப்பதைத்தான் டேப்பட் வைப்பது என்பார்கள்.

அந்த நேரம் பார்த்து எங்கள் அத்தை மகன் ஒரு வேலை கொண்டுவந்தான். ரயிலில் இரண்டு நாள் போகிற தூரத்தில் ஒரு துறைமுகம். அங்கே சரக்கு தூக்கும் வண்டி ஓட்ட ஆள் எடுக்கிறார்கள், உடனே சேர்த்துவிடலாம் என்றான். அண்ணனுக்கு மனம் ஆடிப்போயிற்று. காலையில் அரைமணி நேரம் வண்டியோடு மல்லுக்கட்டி அலுத்திருந்தான். செங்கல் சூளைக்காரர் வண்டியை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கச் சொல்லிவிட்டான்.

நான் அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள். மதியம் வேலை முடிந்தால் அம்மா வீட்டில்தான் இருப்பேன். அன்றைக்குப் போனபோது அண்ணி கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கொடியில் போட்ட துணியை எடுத்து மறுபடி நேராகப் போட்டாள். மறுபடி எடுத்தாள்.

"வருஷத்துக்கு ரெண்டு தடவை லீவாம். பத்து பத்து நாளு. என் பொண்ணு அவரப் பாத்து மாமான்னு கூப்பிடப் போகுது" என்றாள்.

இன்னொரு துணியை எடுத்து உதறினாள். அவளே சொன்னாள், வண்டி ஒழுங்காக ஓடினால் அவர் போகமாட்டார், அவருக்குப் போக ஆசை இல்லை, வண்டிமேல் வெறுப்பு, அவ்வளவுதான் என்று. அது உண்மைதான். அன்று சாயங்காலம் அண்ணனிடம், ஞாயிற்றுக்கிழமைவரை வண்டியை என்னிடம் விடுங்கள், அதற்குள் சரியாகாவிட்டால் கொடுத்துவிடுங்கள், நானே உங்களுக்குப் பெட்டி கட்டித் தருகிறேன் என்றாள். அண்ணன் சிரித்தான். பிறகு அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துச் சரி என்றான்.

டிராக்டர் சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி உண்டு. அதில் தாய்மாமன் வைத்திருந்த படம் போட்ட வண்டிப் புத்தகமும், ஃபீலர் கேஜும் கிடந்தன. ஃபீலர் கேஜ் என்பது மெல்லிய தகடுகளை விசிறி மாதிரி கோர்த்தது. ஒவ்வொரு தகட்டிலும் அதன் கனம் எண்ணாகப் பொறித்திருக்கும். இவ்வளவு நாளும் அண்ணன் அதில் ஒரு தகட்டால் டீசல் மூடியில் ஒட்டிய அழுக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அண்ணி அதை வாங்கி மண்ணெண்ணெயில் கழுவி, தைத்து மிச்சமான வெள்ளைத் துணியால் துடைத்து, ஒவ்வொரு தகடாக விரலிடுக்கில் வைத்துப் பார்த்தாள். புத்தகத்தை இரண்டு நாள் படித்தாள். தையல் மிஷினுக்கு எண்ணெய் விடுவதிலிருந்து பல் சக்கரம் மாற்றுவதுவரை அவளே செய்கிறவள். இரும்பைக் கண்டு அவளுக்குப் பயம் கிடையாது.

மூன்றாம் நாள் காலை இஞ்சின் ஆறிக் குளிர்ந்திருக்கும்போது மேல் மூடியைக் கழற்றினாள். ஒவ்வொரு வால்வாக மூடி நிற்கும் இடத்துக்குக் கொண்டுவர, அண்ணன் முன்பக்கம் குனிந்து ஸ்பேனர் போட்டு இஞ்சினைக் கையால் திருப்பினான். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அது சட்டை இல்ல" என்றாள்.

"சட்டையா இருந்தா இவ்வளவு யோசிக்க மாட்டேன் அத்தை" என்றாள் அண்ணி, தலை நிமிராமல்.

சிலிண்டருக்கு இரண்டாக ஆறு வால்வு. எல்லாவற்றுக்கும் புத்தகத்தில் சொன்னபடி தகடு விட்டு வைத்தாள். மூடியைப் போட்டுக் கிளப்பியதும் முதல் திருகிலேயே வண்டி பிடித்துக்கொண்டது. எலிச் சத்தமும் போயிற்று. மெல்லிதாக ஒரு டிக் டிக் மட்டும் மிச்சம் இருந்தது, கடிகாரத்துக்குப் பக்கத்தில் காதை வைத்தால் கேட்குமே, அப்படி. அண்ணன் வாய் பிளந்து நின்றான். அதோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் அவள் அரைநூல் ஆயிற்றே. அந்த டிக் டிக் அவளுக்குக் காதில் முள்ளாகக் குத்தியது. தையல் மிஷினில் எங்கேயாவது டக்கென்று ஒரு சத்தம் வந்தால் ஏதோ தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம், இறுக்கினால் அடங்கும். இதுவும் அப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

மறுநாள் காலை அண்ணன் எழுந்து வருவதற்குள் மூடியைத் திரும்பவும் கழற்றி, இடைவெளி வைக்கிற ஆறு திருகையும் இம்மி இம்மியாக இறுக்கினாள். சத்தம் சுத்தமாக அடங்கிவிட்டது. வண்டி அப்படி ஒரு அமைதியாக ஓடி நான் பார்த்ததில்லை. எதிர்வீட்டுக்காரி பால் பாத்திரத்தோடு வந்து நின்று, இது உங்க வண்டியா என்று கேட்டாள். அம்மா அன்றுமுழுக்க மருமகள் புராணம்தான் பாடினாள். அண்ணன் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்து, "தையல் மிஷின் மாதிரில்ல ஓடுது" என்றான். அண்ணிக்கு முகம் பூரித்துப்போயிற்று.

வியாழக்கிழமை நன்றாக ஓடியது. வெள்ளிக்கிழமை மதியம் செங்கல் ஏற்றிக்கொண்டு சூளைமேட்டில் ஏறும்போது, பாதி மேட்டில் வண்டிக்கு மூச்சு நின்றுவிட்டது. பின்னாலேயே உருட்டி இறக்கி, டிரெய்லரை மேட்டடியில் கழற்றி வைத்துவிட்டு வெறும் வண்டியாக வந்தான் அண்ணன். சனிக்கிழமை காலை கிளப்பினால், கிளம்பவே இல்லை. புஸ் புஸ் என்று மூச்சுவிட்டு அடங்கியது. அவன் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது அவளுக்கு ஆறியிருக்கும்.

"நீ செஞ்ச வரைக்கும் போதும். இதுக்கு ஆயுசு முடிஞ்சிருச்சு. நாளைக்கு அவரு வரட்டும்" என்றான். அலமாரியின் மேலே இருந்த தகரப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினான். பிள்ளை ஓடிவந்து அந்தப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. அண்ணி அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "வா" என்றாள். எங்கே என்று கேட்காமல் கிளம்பினேன்.

வரேன் வரமாட்டார், சரி, நாம் போகலாமே. கடைத்தெருவில் அவர் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே கால் இரண்டும் மட்டும் தெரிந்தன. அண்ணி அந்தக் கால்களைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் சொன்னாள். முதல் நாள் தகடு விட்டு வைத்தது, மறுநாள் சத்தம் அடங்க இறுக்கியது, மேட்டில் நின்றது, காலையில் கிளம்பாதது, ஒன்றுவிடாமல்.

ஒரு கால் மற்றக் காலைச் சொறிந்துகொண்டது.

"சத்தமே இல்லையா?" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"துளிகூட இல்லண்ணே."

"அதாம்மா கோளாறு. டேப்பட்டுன்னா கொஞ்சம் பேசணும். பேசாத டேப்பட்டப் பாத்தாதான் எனக்குப் பயம். இரும்பு சூடானா நீளுமா, நீளாதா?"

அண்ணி யோசித்தாள். "என் இஸ்திரிப் பெட்டி மூடி ஆறியிருந்தா சுலபமாத் திறக்கும். கரி போட்டுச் சூடானா இறுக்கிப் பிடிச்சுக்கும்" என்றாள்.

"அதேதான். வால்வு சூட்டுல நீளும். நீள எடம் விடாம நீ இறுக்கிட்ட. அது முழுசா மூட முடியாமத் தொங்கிட்டு நிக்குது. காத்தெல்லாம் வெளிய போகுது. அப்புறம் எப்படிக் கிளம்பும், எப்படி மேடு ஏறும்?"

வால்வு கெட்டுப்போயிருக்குமா என்று அண்ணி கேட்டாள். குரல் இறங்கிப்போயிருந்தது. இரண்டு நாள்தானே, கருகியிருக்காது, இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தால் தலையையே கழற்ற வேண்டி வந்திருக்கும் என்றார். பிறகு, நாளைக்கு வரேன், வந்து பார்க்கிறேன் என்றார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வீட்டுக்குத் திரும்பி நடந்தோம்.

வழியெல்லாம் பிள்ளையை இடுப்பு மாற்றி மாற்றி வைத்துக்கொண்டாள். அவளுக்கு என்ன குடைகிறது என்று எனக்குத் தெரியும். ஊரே மெச்சின அமைதி அது. அதைத் தன் கையாலேயே கலைத்து, வாங்க வருகிறவர் காதில் விழும்படி சத்தத்தைத் திரும்ப வைக்க வேண்டும். சத்தம் போடுகிற வண்டி என்று அவர் போய்விட்டாலும் நல்லதுதான். ஆனால் அண்ணன் காதில் அது எப்படி விழும்? பழையபடி ஆயிற்று என்றல்லவா நினைப்பான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போனேன். அண்ணன் திரும்பிப் படுத்துக்கொண்டான். தொட்டுத் தொட்டுப் பார்க்காதே, விடு என்றான். அதனால் ஸ்பேனரை நான் பிடித்தேன். முன்னே பின்னே செய்து பழக்கமில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, அவள் சொல்லச் சொல்லத் திருப்பினேன். கொஞ்ச தூரம் சுலபமாக வரும். அப்புறம் உள்ளே யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி தடுக்கும். அழுத்தினால் விட்டுக்கொடுக்கும். மேலே அண்ணி எட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம், இன்னும் பொட்டு, நிறுத்து என்பாள்.

"இங்க வந்து பாரு" என்று கூப்பிட்டாள். வால்வைத் தள்ளுகிற கைக்கு அடியில் நீளத் தண்டு ஒன்று இருக்கிறது. வால்வு மூடியிருக்கும் நேரத்தில் அதை இரண்டு விரலால் உருட்டினால் உருளவேண்டுமாம். முதல் நாள் உருண்டதாம். இப்போது அவள் உருட்டினாள். அது அசையவில்லை. லாரிக்கு அடியிலிருந்து வந்த பேச்சு அவளுக்கு அந்த இடத்தில்தான் முழுசாக விளங்கியது என்று நினைக்கிறேன். "பாவம், மூச்சுத் திணறிக் கிடந்திருக்கு" என்றாள்.

திருகு அசையாமல் பிடித்திருக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, திருகைத் திருப்பி, தகட்டை நடுவில் விட்டு இழுத்துப் பார்த்தாள். தகடு லேசாகத் தடுத்துக்கொண்டு வரவேண்டும். சிக்கவும் கூடாது, வழுக்கவும் கூடாது. நட்டை இறுக்கும்போது திருகு தானும் கூடவே கொஞ்சம் சுற்றிக்கொள்ளும் போக்கிரி. அதனால் இறுக்கிய பிறகு திரும்பவும் தகட்டை விட்டுப் பார்ப்பாள். நான்காவது வால்வில் அப்படிச் சுற்றிக்கொண்டது. இன்னொருத்தியாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பாள். அவள் தளர்த்தி மறுபடி வைத்தாள். மூன்று தடவை வைத்தாள். என் இடுப்பு விட்டுப்போயிற்று. அண்ணி, சூளைக்காரர் வந்துவிடப்போகிறார் என்றேன். வரட்டும், இது அரை நூல்கூட இல்லை, அதில் நூறில் ஒரு பங்கு என்றாள்.

கிளப்பச் சொல்லி அண்ணனை எழுப்பியது அம்மாதான். மனசில்லாமல் வந்து சாவியைத் திருகினான். வண்டி உடனே பிடித்துக்கொண்டது. டிக் டிக் டிக்.

"போச்சு, பழைய சத்தம் வந்துருச்சே" என்றாள் அம்மா.

அண்ணி அண்ணனைப் பார்த்து, "இது பழைய சத்தம் இல்லைங்க. இது இருக்கணும். நான்தான் தெரியாம அடக்கிட்டேன். மேட்டுல ஒரு தடவை ஏத்திப் பாருங்க. அப்புறம் உங்க இஷ்டம்" என்றாள். இவ்வளவுதான் சொன்னாள். போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சூளைக்காரர் ஒன்பது மணிக்கு வந்தார். வாசலில் நின்று கண்ணை மூடி இஞ்சின் சத்தத்தைக் கேட்டார். ம் என்றார். மேட்டடியில் கிடக்கிற செங்கல் டிரெய்லரை மாட்டி இழுத்துக் காட்டு என்று மட்கார்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். இரண்டு பேரும் போனார்கள். நாங்கள் மூன்று பெண்களும் வாசலில் நின்றோம். அண்ணி கையில் பிசுக்கு. அதை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிசுக்குப் போன பிறகும் துடைத்தாள். மேட்டில் ஏறும் சத்தம் எங்கள் வீடுவரை கேட்கும். கேட்டது. கனமாக, ஒரே சீராக, நடுவில் நிற்காமல். அப்புறம் அடங்கியது. மேலே போய்விட்டான் என்றாள் அம்மா.

திரும்பி வந்தபோது சூளைக்காரர் முகமெல்லாம் சிரிப்பு. மேட்டில் கியர்கூட மாற்றவில்லை, இதை இன்றைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்றார். நன்றாக ஓட வைத்து நாமே விற்றுக் கொடுத்துவிட்டோமோ என்று அண்ணியைப் பார்த்தேன். அவள் பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அண்ணன் குழாயடியில் கை கழுவினான். நிதானமாகக் கழுவினான்.

"இல்லீங்க, குடுக்கல" என்றான்.

"ஏன்யா?"

"ஓடுதே."

"அப்ப என்னை எதுக்கு வரச் சொன்ன?"

"ஓடாதப்ப சொன்னேங்க."

சூளைக்காரர் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சரி, வண்டியைத்தான் கொடுக்கவில்லை, டேப்பட் வைத்த ஆளையாவது அனுப்பு, என்னிடம் இரண்டு வண்டி இதைவிட மோசமாகக் கத்துகிறது என்றார். அண்ணன் அண்ணியைக் கைகாட்டினான். அவர் அண்ணிக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

அத்தை மகனுக்கு அன்றைக்கே ஆள் அனுப்பி வரவில்லை என்று சொல்லியாயிற்று. தகரப் பெட்டியில் அண்ணி வெட்டுத் துணிகளைப் போட்டு வைத்தாள்.

அதன்பிறகு எங்கள் தெருவில் நடந்ததுதான் வேடிக்கை. ஆறிய இஞ்சினில்தான் டேப்பட் வைப்பேன் என்று அண்ணி கறாராகச் சொல்லிவிட்டாள். ஓட்டிக்கொண்டு வந்து உடனே பார் என்றால் முடியாது. அதனால் முதல் நாள் சாயங்காலமே கொண்டுவந்து தெருவில் நிறுத்திவிட்டுப் போவார்கள். சில நாள் நான்கு வண்டிகள் வரிசையாக நிற்கும். எதிர்வீட்டுக்காரி பால் வாங்கப் போக வழியில்லை என்று சத்தம் போடுவாள். காலை எட்டுவரை டிராக்டர், அதற்குமேல் தையல் என்று நேரம் வகுத்துக்கொண்டாள். தைக்க வந்த ஜாக்கெட்டில் ஒருநாளும் ஒரு பொட்டு எண்ணெய் பட்டதில்லை. வரேன் ஒருநாள் நிஜமாகவே வந்தார், தன்னிடம் வந்த ஒரு வண்டிக்கு டேப்பட் வைத்துத் தரமுடியுமா என்று கேட்க. அண்ணி, வரேன் என்றாள். போகவும் செய்தாள்.

பிள்ளைக்கு இரண்டு வயது முடிந்தபோது, டிராக்டர் தெருமுனை திரும்பும் சத்தம் கேட்டாலே அப்பா என்று வாசலுக்கு ஓடும். மற்றவர்கள் வண்டிக்கு ஓடாது. இந்த வண்டியின் டிக் டிக் அதற்குத் தெரியும்.

அண்ணிக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. கண்ணில் புரை விழுந்த பிறகு தைப்பதை நிறுத்திவிட்டாள். டேப்பட் மட்டும் வைக்கிறாள், அதற்கு விரல் போதும் என்கிறாள். மகள் கட்டிக்கொடுத்த இடத்தில் நன்றாக இருக்கிறாள். அண்ணி அதே தெருவில், அதே வீட்டில், அண்ணனோடு இருக்கிறாள்.